கிலேன் பரே: பிரெஞ்சு நோய்ப்பெயர்களைத் தமிழில் அசை பிரிப்பது எப்படி?

கண்டியிலிருந்து தலாத்துஓயா போகும் வீதியில், நகரைத் தாண்டிச் சில கிலோமீற்றரில் அம்பிட்டிய. பதின்மூன்றாம் லியோ பாப்பரசர் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவாக ஒரு குருமடத்தை 1893இல் நிறுவியது இங்கேதான். நடத்தும் பொறுப்பு பெல்ஜிய இயேசு சபையினருடையது. முதல் அதிபரின் பெயர் சில்வேன் குரோஜான். இந்தப் பெயரை இலத்தீன் எழுத்தில் எழுதினால், முதற்பாதியின் முடிவில் மூன்றெழுத்துச் சேர்ந்து ஒரே மூக்கொலியாக நிற்கும். பின்பாதியின் நடுவில் ஒரு சகரம் எழுத்தில் இருந்தும் வாயில் வராது. கோடு போட்டுப் பிரித்துப் பார்த்தால் சில்-வேன், குரோ-ஜான். அவ்வளவுதான், நாலே அசை.

அந்தக் குருமடம் 1955இல் புனேக்குப் போய்விட்டது. கட்டடத்தில் இலங்கையின் தேசிய குருமடம் தொடங்கிற்று. ஏழு ஆண்டு கழித்து, 1962இல், கண்டிக்கு மறுபுறத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் திறந்தது. பிரெஞ்சுப் பெயர்களைப் பிறப்பிலிருந்தே உச்சரித்தவர்கள் ஒரு குன்றிலிருந்து இறங்கிப் போன பிறகு, பிரெஞ்சுப் பெயர்கள் நிறைந்த ஒரு படிப்பு அடுத்த குன்றில் ஆங்கிலம் வழியாக வந்து சேர்ந்தது. இறையியலார் இருந்திருந்தாலும் மருத்துவ மாணவருக்கு உச்சரிப்புச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் இந்த வரிசைதான் தமிழில் பிரெஞ்சு மருத்துவப் பெயர்களுக்கு நேர்ந்ததைச் சுருக்கமாகக் காட்டுகிறது. காதால் வந்த இடங்களில் அவை நன்றாக வந்தன. ஆங்கிலத்தின் கண் வழியாக வந்த இடங்களில் உடைந்து வந்தன. என் கட்சி இதுதான். மீதி எல்லாம் அதற்கான சான்று.

ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். கால்களில் தொடங்கி மேலேறும் தசைத் தளர்ச்சி. சில நாளில் கை, சிலருக்கு மூச்சுத் தசைவரை. உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்குவதால் வருவது. பல வேளை வயிற்றோட்டத்தையோ சளிக் காய்ச்சலையோ தொடர்ந்து வரும். 1916இல், முதலாம் உலகப் போரின் நடுவே, இரண்டு பிரெஞ்சுப் படைவீரரிடம் இதைக் கண்டு எழுதியவர்கள் மூவர்: ஜோர்ஜ் கிலேன், ஜான் அலெக்சாந்தர் பரே, ஆந்த்ரே ஸ்த்ரோல். முள்ளந்தண்டு நீரில் புரதம் கூடியிருக்கும், கலங்கள் கூடியிருக்கா என்பது அவர்கள் கண்டது. மேலேறும் வாதத்தை லான்த்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர் 1859லேயே விவரித்திருந்தார். பெயரில் லான்த்ரியும் நிலைக்கவில்லை, ஸ்த்ரோலும் நிலைக்கவில்லை. இருவர் மிஞ்சினர்.

2025 சனவரியில் புனேயில் இந்நோய் கூட்டமாகப் பரவியபோது தமிழ் நாளேடுகள் இந்தப் பெயரோடு மல்லுக்கட்டின. (குருமடம் போன அதே புனேதான், இதில் பொருள் ஒன்றும் இல்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை.) கில்லன் பாரே, குய்லைன் பாரே, கில்லியன் பார்ரே போன்ற பல வடிவங்கள். தலைப்பில் ஒன்று, செய்திக்குள் இன்னொன்று. கடைசியில் எல்லாரும் ஜி.பி.எஸ். என்று இளைப்பாறினார்கள்.

பிரெஞ்சில் இந்தப் பெயர் எப்படிப் பிரிகிறது? அம்மொழியில் அசை பிரிக்கும் விதி சிக்கலானதன்று. இரண்டு உயிருக்கு நடுவே ஒரு மெய் வந்தால் அது பின்னுயிரோடு சேரும். இரண்டு மெய் வந்தால் ஒன்று முன்னுக்கும் ஒன்று பின்னுக்கும் போகும்; இரண்டாவது மெய் லகரமாகவோ ரகரமாகவோ இருந்தால் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே பின்னுக்குப் போகும். ஒரே மெய்யை இரட்டித்து எழுதியிருந்தால், அச்சில் வரி முறியும்போது நடுவில் வெட்டலாம். வாயில் அது ஒற்றை மெய்தான். இந்தக் கடைசி விதியில்தான் தமிழ் வாசகன் வழுக்குகிறான். நமக்கு இரட்டை எழுத்து என்றால் இரட்டை ஒலி: பலம் வேறு, பல்லம் வேறு, மனம் வேறு, மன்னம் வேறு. ஆகவே இரண்டு லகரத்தைக் கண்டதும் ‘கில்ல’ என்கிறோம். இரண்டு ரகரத்தைக் கண்டதும் ‘பார்ரே’ என்று தமிழிலேயே இல்லாத ஒரு மயக்கத்தை உண்டாக்குகிறோம். பிரெஞ்சுக்காரர் சொல்வது கி-லேன், ப-ரே.

லகரத்திலும் ஒரு வழக்கு உண்டு. குறில் இகரத்தை அடுத்து இரட்டை லகரம் வந்தால் பிரெஞ்சில் அது பெரும்பாலும் யகரமாகும். குடும்பம் என்ற பொருளுடைய அவர்கள் சொல் ‘ஃபமீய்’ என்று முடிவது அதனால்தான். நகரம், ஆயிரம் ஆகியவற்றுக்கான சொற்கள் விதிவிலக்காய் லகரத்தோடே நிற்கின்றன. கிலேன் எந்தப் பக்கம்? லகரம் என்பது உச்சரிப்பு அகராதிகளில் காணப்படுவது. ‘கியேன்’ என்பதும் பரவலாகக் கேட்கிறது. ஆங்கிலம் பேசும் மருத்துவர் ‘கீயான் பரே’ என்பது இந்த இரண்டாவதிலிருந்து வந்தது. ஆகவே பேராதனையில் படித்த வைத்தியர் ‘கீயான்’ என்று சொல்லும்போது பிழை என்று கை நீட்ட முடியாது. ‘குய்லைன்’ என்பதைத்தான் யாரும் எங்கும் சொல்வதில்லை. அது எழுத்தைக் கூட்டி வாசித்தது.

இனி அந்த மூக்கொலி. பிரெஞ்சில் சொல்லின் ஈற்று னகரம் தனி மெய்யாக ஒலிக்காமல், முன்னுள்ள உயிரை மூக்கால் இழுத்துவிட்டு மறையும். இது அந்நிய ஒலி, தமிழ் நாக்குக்கு வராது என்று எழுதியவர்கள் உண்டு. அவர்கள் தங்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கவில்லை. ‘நான் நேத்து வந்தேன்’ என்று மலையகத்திலோ மதுரையிலோ ஒருவர் சாதாரணமாகச் சொல்லட்டும். ‘வந்தேன்’ என்பதன் ஈற்றில் நாக்கு மேலே தொடுகிறதா? தொடாது. ஏகாரம் மூக்கில் ஏறி நின்றுவிடும். ‘அவன்’ என்பதிலும் அப்படியே. ‘மரம்’ என்பதில் ‘அம்’ ஒரு மூக்குயிராகக் கரைந்துவிடும். யாழ்ப்பாணப் பேச்சில் ஈற்று னகரம் இதைவிட உறுதியாய் நிற்கும். ‘வந்தனான்’ என்பதில் னகரம் காதில் விழும். அதனால் இந்த ஒரு விடயத்தில் கண்டியிலும் நுவரெலியாவிலும் உள்ள மலையகத் தமிழருக்கு, தமிழ்நாட்டிலிருந்து வந்த அவர்களது பேச்சே கை கொடுக்கிறது. எழுத்தில் ‘கிலேன்’ என்று எழுதி, ‘வந்தேன்’ என்பதைப் பேச்சில் முடிப்பதுபோல முடித்தால், பிரெஞ்சுக்காரர் ஒருவர் முகம் சுளிக்கமாட்டார். அவர்களது உயிர் நம்முடையதைவிடக் கொஞ்சம் வாய் திறந்தது. அவ்வளவு வேறுபாடு பரவாயில்லை.

யாப்புத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழியில் இதைச் சொல்லலாம். நம் அசையும் பிரெஞ்சுக்காரரின் அசையும் ஒன்றல்ல; குறிலை அடுத்து வரும் எழுத்தையும் சேர்த்து நாம் ஒரே நிரையசையாகக் கொள்வோம். ‘கிலேன்’ ஒரு நிரை, ‘பரே’ ஒரு நிரை. இரண்டும் சேர்ந்தால் கருவிளம். ‘கில்லன்’ என்றாலோ நேர் நேர், ‘பாரே’யும் நேர் நேர், இரண்டு தேமா. பிரெஞ்சு தன் அழுத்தத்தைச் சொற்றொடரின் கடைசி அசையில் வைக்கும் மொழி. குறில் முன்னே, நெடில் பின்னே வரும் நிரை அந்த ஓட்டத்துக்குப் பொருந்துகிறது. தேமா முன்னாலேயே எடையைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறது. ‘பாரே’யின் நெடில் அகரம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் ஆங்கில எழுத்தைப் பார்த்த பழக்கம்தான் கிடைக்கும். இலங்கைத் தமிழர் பிரான்சின் தலைநகரை ‘பரிஸ்’ என்று எழுதுகிறார்கள், தமிழ்நாட்டில் ‘பாரிஸ்’. இங்கே குறில்தான் பிரெஞ்சுக்கு நெருக்கம். பரிஸ் சரியென்றால் பரேயும் சரி.

தமிழ் எழுத்து தோற்கும் இடமும் உண்டு, மறைக்க வேண்டாம். பதினாறாம் நூற்றாண்டில் அம்புருவாஸ் பரே என்று ஓர் அறுவை மருத்துவர் இருந்தார். துப்பாக்கிக் காயத்தில் கொதிக்கும் எண்ணெய் ஊற்றும் கொடுமையை விட்டொழித்தவர். கை கால் துண்டிக்கும்போது இரத்தக் குழாயைக் கட்டும் முறையை வளர்த்தவர். 1545இல் தன் நூலை இலத்தீனில் எழுதாமல் தாய்மொழியில் எழுதியவர். அவர் பெயரின் முதலெழுத்து வல்லொலிப் பகரம். 1916இன் பரேக்கு மெல்லிய, அதிரும் பகரம். தமிழில் இருவரும் ஒரே ஆள். கிரந்தம் இதற்கு உதவாது, ஆய்த எழுத்தும் உதவாது. அம்புருவாஸ் என்ற முன்பெயரைச் சேர்த்துக்கொள்வதைத் தவிர வழியில்லை.

தகர டகரக் கதைக்கு வருவோம். இதில்தான் தமிழுக்குக் கையில் இருந்த நன்மையைத் தவறவிட்டிருக்கிறோம். பிரெஞ்சின் ‘த’வும் ‘ந்த’வில் வரும் அதிரும் ‘த’வும் நாக்கு பல்லில் பட்டுப் பிறப்பவை. நம் தகரமும் அப்படியே. ஆங்கிலத்தின் ஒலி பல்லுக்குச் சற்று மேலே ஈறில் பிறப்பது. அதைத் தமிழ்நாட்டார் டகரமாகக் கேட்டார்கள், ஈழத்தார் றகர இரட்டையாகவும் ரகரமாகவும் கேட்டார்கள். ஆகவே தன்னையறியாமல் உடலும் குரலும் வெட்டி இழுக்கும் நோய்க்கு 1885இல் விவரம் எழுதிய மருத்துவரின் பெயர் சென்னையில் ‘டூரெட்’, யாழ்ப்பாணத்தில் ‘ரூறெற்’. அவர் சொல்லிக்கொண்டது ‘தூரெத்’. இரண்டு கரையும் ஆங்கிலத்தைக் கேட்டன. தமிழிலேயே சரியான எழுத்து இருக்க, இரண்டும் அதைத் தொடவில்லை.

தொட்டவர்கள் புதுச்சேரிக்காரர்கள். அங்கே 1844இலிருந்து இருக்கும் ஒரு பாடசாலைக்கு ஊரார் வைத்த வழக்கு ‘பெத்திசெமினார்’. சிறு குருமடம் என்பதன் பிரெஞ்சுப் பெயர். அதன் முதற்சொல்லின் ஈற்றில் எழுத்தில் ஒரு தகரம் உண்டு, ஒலியில் இல்லை. நடுவில் வருவது பல்லொலி. ஊர் வாய் இரண்டையும் சரியாகப் பிடித்துக்கொண்டது. அங்கேயே ஆளுநர் துய்ப்ளெக்ஸ் பெயரில் பிரெஞ்சின் குவிந்த இகரத்துக்கு ‘உய்’ என்று ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை காலத்திலிருந்தே அந்தத் துறைமுகத்தில் பிரெஞ்சுப் பெயர்கள் துபாஷிகளின் காது வழியாகத்தான் தமிழுக்கு வந்தன. மருத்துவமும் அப்படியே வந்திருக்கலாம். புதுச்சேரியின் பிரெஞ்சு மருத்துவப் பள்ளி 1823இல் தொடங்கியது. சென்னையின் மருத்துவப் பள்ளிக்குப் பன்னிரண்டு ஆண்டு மூத்தது. 1956இல் அது தன்வந்தரி மருத்துவக் கல்லூரியாகி, 1964இல் ஜிப்மராயிற்று. பயிற்று மொழி ஆங்கிலமானது. அங்கேயும் ஒரு காது அடைபட்டது.

நம் இலங்கைப் பாடநூல்களும் ஒரு காலத்தில் தகரத்தைத் தொட்டவையே. ஐதரசன், நைதரசன், ஒட்சிசன் என்று படித்தவர்கள் நாம். இம்மூன்று பெயர்களும் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பிரெஞ்சு வேதியியலார் உண்டாக்கியவை. லவுவாசியேயும் அவர் கூட்டாளிகளும் இரண்டை, ஷப்தால் என்பவர் 1790இல் நைதரசனை. ‘ஹைட்ரஜன்’ என்பதைவிட ‘ஐதரசன்’ மூலத்துக்கு நெருக்கம் என்றால் தமிழ்நாட்டு நண்பர்கள் சிரிப்பார்கள். ஆனால் பிரெஞ்சில் அந்தச் சொல் ஹகரம் இல்லாமல்தான் தொடங்குகிறது. நடுவில் இருப்பதும் பல்லொலி. நம் கலைச்சொல்லாளர் பிரெஞ்சை நினைத்து இப்படிச் செய்யவில்லை. தமிழ் மரபை நினைத்துச் செய்தார்கள். விளைவு ஒன்றாய் வந்தது.

அதே பாடநூல்களில் ‘பாச்சராக்கம்’ என்ற சொல்லும் இருந்தது. பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்குவது. இது முழுக்க ஆங்கில வாய். பஸ்-தேர் என்று இரண்டசையாகப் பிரெஞ்சில் ஒலிக்கும் பெயரை ஆங்கிலேயர் ‘ச்’ ஒலி கலந்து சொல்வர். நாம் அதை அப்படியே வாங்கி ‘பாச்சர்’ ஆக்கினோம். குன்னூரில் 1907இல் தொடங்கிய வெறிநாய்க்கடி மருந்து நிறுவனத்தின் பெயர்ப்பலகை வழக்கில் அவர் ‘பாஸ்டியர்’. பள்ளிப் புத்தகங்களில் ‘பாஸ்டர்’. இது கிறித்தவப் போதகரையும் நினைவூட்டும். ஒரே மனிதருக்கு மூன்று பெயர், மூன்றும் பிறர் வாயால்.

வாயில் வராத ஈற்றெழுத்துகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரேனாட் என்பது ரே-நோ. நுவரெலியாவின் சனவரிக் குளிரில் சிலருக்கு விரல் நுனி வெளுத்து, நீலம் பாரித்து, பிறகு சிவந்து எரிகிறதே, அதற்கு 1862இல் தன் ஆய்வேட்டில் விளக்கம் எழுதியவர். சார்காட் என்பது ஷார்-கோ. வலிப்பில் ‘பெட்டிட் மால்’, ‘கிராண்ட் மால்’ என்று பழைய வைத்தியர்கள் சொன்னவை பெதி மால், கிரான் மால். 1981இன் சர்வதேச வகைப்பாட்டோடு அந்தப் பெயர்களே பின்வாங்கிவிட்டதால் திருத்துவதில் பயனில்லை. காதுக்குள் இரைச்சலும் தலைச்சுற்றும் தரும் நோயை 1861இல் விளக்கியவர் மே-நியேர், ‘மினியர்ஸ்’ அல்லர்.

இரண்டு சொற்கள் மட்டும் கொஞ்சம் நிற்க வைக்கின்றன. ஒன்று, கழுத்து நாடியில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் கேட்கும் இரைச்சலுக்கான பெயர். பிரெஞ்சில் அது ஒரே அசை: தொடக்கத்தில் இரட்டை மெய், முடிவில் ‘உய்’. ஆங்கிலேய வைத்தியர் அதை ‘புரூ-யி’ என்று இரண்டாக்குவார். அமெரிக்கர் ‘புரூட்’ என்பர். தமிழ்ச் சொல்லின் முதலில் மெய்ம்மயக்கம் வராது என்பதால் நாமும் ஓர் உகரம் சேர்த்தே ஆக வேண்டும். ‘புருய்’ என்று எழுதினால் நிரையசையாய் ஒன்றிலேயே முடியும். மற்றொன்று, அந்த ஸ்டெதஸ்கோப்பையே உண்டாக்கியவர். 1816இல் பரிஸ் நெக்கேர் வைத்தியசாலையில் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டவர். அவர் பெயரில் அகரமும் எகரமும் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டையும் தனித்தனியே ஒலிக்க வேண்டும் என்று இரண்டாவதன் தலையில் இரு புள்ளி வைப்பதுண்டு. தமிழில் இரண்டு உயிர் அடுத்தடுத்து நின்றால் நடுவே யகரமோ வகரமோ தானாக வரும். உடம்படுமெய் என்று சிறுவயதில் படித்தது. ‘லாயெனெக்’ என்று எழுதினால் மூன்று அசையும் கெடாது. இரு புள்ளி செய்யும் வேலையை நம் இலக்கணமே செய்துவிடுகிறது. ‘லேனக்’ என்று ஈரசையாய்ச் சுருக்கியவர்களுக்கு அந்த வாய்ப்புத் தெரியவில்லை.

இத்தனையும் வீண் நுணுக்கம் அல்லவா என்று கேட்கலாம். வார்ட்டில் படுத்திருப்பவருக்குத் தேவை மருந்து, உச்சரிப்பு அல்ல. உண்மைதான். வீட்டுக்கு அனுப்பும்போது கையில் தரும் டயக்னோசிஸ் காட்டில் ஆங்கிலத்தில் மூன்றெழுத்துத்தான் இருக்கும். பிறந்த குழந்தைக்குப் போடும் பீ.சீ.ஜீ. ஊசியில் கல்மெத், கேரேன் என்ற இரண்டு பிரெஞ்சுப் பெயர்கள் இருக்கின்றன. 1921இலிருந்து உலகெங்கும் கையில் தழும்பு விழுந்தும் அவற்றை யாரும் உச்சரிப்பதில்லை, ஊசியும் வேலை செய்யத் தவறவில்லை. சுருக்கெழுத்து நல்ல ஏற்பாடு. ஆனால் அது வைத்தியருக்குள்ளே போதும். தமிழில் மருத்துவம் எழுதுகிறவருக்கும், அகராதியில் தேடுகிறவருக்கும், கட்டிலில் கிடக்கும் மகனுக்கு என்ன நோய் என்று கொழும்பில் இருக்கும் தம்பிக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டிய தகப்பனுக்கும் ஒரு முழுப்பெயர் வேண்டும். அது ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொன்றாய் இருக்கக்கூடாது.

மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த ஒரு காலம் இந்தத் தீவில் இருந்தது. மானிப்பாயில் அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1860களில் தன் மாணவருக்குத் தமிழில் பாடம் நடத்தினார். உடற்கூறு முதல் மகப்பேறுவரை நூல்களைத் தமிழாக்கினார், தமிழாக்குவித்தார். ‘கெமிஸ்தம்’ என்று ஒரு நூலுக்குப் பெயர் வைத்த காலம் அது. அந்தச் சொல்லை இன்று பார்த்துச் சிரிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வந்த சொல் தமிழின் அசைக்குள் வசதியாய் உட்கார்ந்திருக்கிறது, அதுவும் தகரத்தோடு. வடசொல் தன் எழுத்தை விட்டுத் தமிழெழுத்து உடுத்து வர வேண்டும் என்று தொல்காப்பியம் சொன்னதைப் பிறமொழிக்கும் விரித்துக்கொண்ட துணிவு அது.

வேரூன்றியதைப் பிடுங்கச் சொல்லமாட்டேன். ‘பாஸ்டர்’ போகட்டும், ‘பாச்சராக்கம்’ படித்தவர்களுக்கு வயதாகிவிட்டது. ‘கில்லன் பாரே’யோ இன்னும் இறுகவில்லை, இப்போதே மாற்றலாம். மாற்றுவதே சரி என்பது என் முடிவு. பரிஸ் ‘லாச்சப்பல்’ கடைத்தெருவுக்குப் பெயர் சூட்டிய ஈழத்தமிழர் எந்த அகராதியையும் புரட்டவில்லை. முன்னொட்டையும் சேர்த்து, கேட்டபடி, தமிழ் வாய்க்கு ஏற்ப இரட்டித்து, ஒரே சொல்லாக்கிவிட்டார்கள். அது பிரெஞ்சுக்கு முழுக்க விசுவாசமானதன்று, ஆனால் எல்லாரும் ஒன்றாய்ச் சொல்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் பிரெஞ்சிலேயே படித்து வளர்கிறார்கள்.

கொழும்பிலோ சென்னையிலோ அடுத்த மருத்துவ அகராதியைத் தொகுக்கப் போகிறவர்களிடம் கேட்பது இது: பிரெஞ்சுப் பெயர் ஒவ்வொன்றின் அருகிலும் அசை பிரித்த ஒரு வரி போடுங்கள். கி-லேன் ப-ரே, ரே-நோ, தூ-ரெத், மே-நியேர், லா-யெ-னெக். ஆங்கில உச்சரிப்பு நூலைப் பார்த்து அதை எழுத வேண்டாம். பரிஸில் மருத்துவம் படிக்கும் தமிழ்ப் பிள்ளை ஒன்றை ஒரு மாலை தொலைபேசியில் பிடித்து, பட்டியலை வாசிக்கச் சொல்லி, கேட்டதை எழுதினால் வேலை முடியும்.